மயிலாப்பூர் வந்த வழிப்போக்கர்களும் ஒரு பக்கீரின் விளக்கும்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையை இடைக்கால அரபு, பாரசீக நூலாசிரியர்கள் 'மஅபர்' என்று அழைத்தனர். கடந்து செல்லும் இடம், துறை என்பது இச்சொல்லின் பொருள். ஆண்ட அரசர்களின் பெயராலோ விளைந்த பொருளின் பெயராலோ அழைக்காமல், கடப்போரின் செயலைக் கொண்டே ஒரு நாட்டுக்குப் பெயரிட்டது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஹுர்முஸ், ஏடன், கைஸ் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்தோரும், இலங்கைக்கும் சீனத்துக்கும் செல்வோரும் இக்கரையில் இறங்கினர். சில நாள் தங்கினர். பின் மீண்டும் கடலேறினர்.

இவ்வாறு கடந்து சென்றோரின் குறிப்புகளை நம் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அரசர் பெயர்களையும், படைபலத்தையும், வணிகப் பொருள்களின் விலையையும் அறிவதற்கே பயன்படுத்தி வந்துள்ளனர். ஆனால் அவை வேறொரு செய்தியையும் தம்முள் கொண்டுள்ளன. களைத்து வந்த அந்நியனுக்குப் படுக்க இடம் தந்தவர் யார்? அவன் வணங்க வந்த இடத்தைத் துப்புரவு செய்து விளக்கேற்றி வைத்தவர் யார்? இக்கேள்விகளோடு அக்குறிப்புகளை மீண்டும் படிக்கும்போது, இன்றைய சென்னையின் மயிலாப்பூர் பகுதியைப் பற்றி நாம் மறந்துவிட்ட ஓர் உண்மை வெளிப்படுகிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழிப்போக்கனின் உரிமை

இஸ்லாமிய மரபில் வழிப்போக்கன் இரக்கத்துக்குரியவன் மட்டுமின்றி உரிமையுடையவனும் ஆவான். ஜகாத் நிதியைப் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரைத் திருக்குர்ஆன் எண்ணிச் சொல்லுமிடத்தில் (9:60) இறுதியாக இடம்பெறுபவர் 'இப்னுஸ் ஸபீல்' எனப்படும் வழிப்போக்கர். பாதையின் மகன் என்பது அத்தொடரின் நேர்ப்பொருள். ஊரில் செல்வந்தனாக இருப்பவனும் வழியில் பொருளிழந்து நின்றால் இப்பிரிவில் அடங்குவான் என்பது சட்ட அறிஞர்களின் விளக்கம்.

விருந்தினரைப் பற்றிய நபிமொழிகளும் இங்கு நோக்கத்தக்கவை. ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசரிப்பு, மூன்று நாள்கள் விருந்தோம்பல், அதற்கு மேற்பட்டது தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். விருந்தளிப்பவருக்குச் சுமையாகும் அளவுக்கு விருந்தாளி தங்கிவிடலாகாது என்பதும் அதே நபிமொழியில் இடம்பெறுகிறது. தங்குவோனின் உரிமையும் தங்கவைப்போனின் உரிமையும் ஒரே வாக்கில் ஒருசேரக் காக்கப்பட்டுள்ளன.

பயணி தொழுகையைச் சுருக்கித் தொழுவது பற்றிய சட்டத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. ஓரூரில் இறங்கி ஓய்வெடுப்பவன் எப்போது அவ்வூர்வாசியாகக் கருதப்படுவான்? வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் தங்க எண்ணம் கொண்டால் அவன் பயணியின் சலுகையை இழக்கிறான் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. பதினைந்து நாள்கள் என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. தமிழகக் கடற்கரை ஊர்களில் முன்னதும், உள்நாட்டு நகரங்கள் பலவற்றில் பின்னதும் பின்பற்றப்படுகின்றன. இரண்டின்படியும் ஒருநாள் ஓய்ந்திருப்பவன் பயணியே. அவன் கூரையின் கீழ் படுத்திருந்தாலும் பாதையின் மகனாகவே இருக்கிறான்.

இக்கடமையை நிறைவேற்ற எழுந்த கட்டடங்களின் பெயர்கள் நம் மொழியில் ஏராளம். சத்திரம், சாவடி, மடம், விடுதி என்பன பழையவை. சராய், முசாஃபர்கானா என்பன பாரசீகத்தின் வழியாக வந்தவை. பக்கீர்மார்கள் தங்கும் இடமாகவும் வழிபாட்டிடமாகவும் அமைந்த தைக்கா தமிழ் முஸ்லிம் ஊர்களில் இன்றும் வழங்கும் சொல். சாவடி என்னும் சொல்லையே ஆங்கிலேயர் 'சோல்ட்ரி' என்று திரித்து வழங்கினர். விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவரை மயிலாப்பூரோடு தொடர்புபடுத்திச் சொல்லும் மரபையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

வணிகர் வாராத ஊர்

வெனிஸ் நகரத்தவரான மார்க்கோ போலோ சீனத்திலிருந்து தாயகம் திரும்பும் வழியில் 1290களின் தொடக்கத்தில் இக்கடல்களைக் கடந்தார். 1298ஆம் ஆண்டு ஜெனோவா நகரச் சிறையில் இருந்தபோது அவர் சொல்லச் சொல்ல ருஸ்திகெல்லோ என்பவர் எழுதிய நூலில் மஅபர் நாடு விரிவாக இடம்பெற்றுள்ளது. காயலைப் பற்றிப் பேசும்போது அங்கு வந்து குவியும் கப்பல்களையும் குதிரைகளையும் வியந்து கூறும் அந்நூல், தோமா என்னும் கிறித்தவத் திருத்தூதர் அடக்கப்பட்டுள்ள ஊரை முற்றிலும் வேறு விதமாக வருணிக்கிறது. அது மக்கள் குறைந்த சிற்றூர்; வாங்கவும் விற்கவும் அங்கு ஒன்றுமில்லை; சென்று சேர்வதும் கடினம்; ஆகவே வணிகர்கள் அங்குச் செல்வதில்லை என்கிறது. ஊரின் பெயரை அவர் சொல்லவில்லை எனினும், அது மயிலாப்பூரே என்பது அறிஞர்களின் முடிவு.

வணிகர் செல்லாத அவ்வூருக்குச் சென்றவர்கள் யார்? கிறித்தவர்களும் முஸ்லிம்களும் ஆகிய இரு சாராரும் அங்கு நேர்ச்சைப் பயணம் செல்கின்றனர் என்று போலோ தெளிவாகக் கூறுகிறார். முஸ்லிம்கள் அப்பெரியாரைப் பெரிதும் மதிக்கின்றனர் என்றும், அவரைத் தம் சமயத்தவராகக் கருதி 'அவரியன்' என்று அழைக்கின்றனர் என்றும், அச்சொல்லுக்குப் புனிதர் என்பது பொருள் என்றும் எழுதுகிறார். அடக்கவிடத்தின் செம்மண்ணை எடுத்துச் சென்று நீரில் கலந்து காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தால் குணமாகும் என்ற நம்பிக்கையையும் பதிவு செய்கிறார்.

'அவரியன்' என்பது எந்தச் சொல்? 1871ஆம் ஆண்டு போலோவின் நூலை விளக்கவுரையுடன் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஹென்றி யூல், இது 'ஹவாரீ' என்னும் அரபுச் சொல்லின் திரிபாக இருக்கலாம் என்று எடுத்துக்காட்டினார். இவ்விளக்கம் பொருத்தமானதே. ஈஸா (அலை) அவர்களின் அணுக்கச் சீடர்களைத் திருக்குர்ஆன் 'ஹவாரிய்யூன்' என்றே குறிப்பிடுகிறது (3:52, 5:111, 61:14). அவர்களுள் எவரது பெயரையும் அது சொல்லவில்லை. எனினும் இறைத்தூதர் ஒருவருக்குத் துணைநின்ற நம்பிக்கையாளர் என்ற வகையில் அச்சொல் முஸ்லிம்களிடையே பெருமதிப்புக்குரியது. நபித்தோழர் ஸுபைர் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது ஹவாரீ என்று சிறப்பித்துள்ளார்கள். மயிலாப்பூர்க் கல்லறையில் நின்ற முஸ்லிம் ஒருவர் தம் சொல்வளத்திலிருந்தே ஒரு பெயரை எடுத்து அங்கு அடங்கியிருப்பவருக்குச் சூட்டியிருக்கிறார். வெனிஸ்காரரின் காதில் அது தவறாக விழுந்தது. பொருளையும் அவர் சற்று மாற்றிக் கொண்டார். ஆயினும் அச்சிதைந்த சொல்லே அவர் இட்டுக்கட்டவில்லை என்பதற்குச் சான்றாக நிற்கிறது. புரியாத சொல்லை ஒருவர் கேட்டுத்தான் எழுத முடியும்.

நெல் அடைத்த விடுதிகள்

அதே அத்தியாயத்தில் போலோ சொல்லும் ஒரு கதை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. 1288ஆம் ஆண்டு அந்நாட்டுப் பிரபு ஒருவரிடம் அளவிறந்த அரிசி சேர்ந்துவிட்டது. அதனைக் கொட்டி வைக்க இடமில்லாமல், கல்லறைக் கோயிலைச் சூழ்ந்திருந்த வீடுகள் அனைத்திலும் நிரப்பிவிட்டார். அவ்வீடுகள் நேர்ச்சைப் பயணிகள் தங்குவதற்கானவை. காவலர்கள் எவ்வளவோ மன்றாடியும் அவர் இசையவில்லை. ஒருநாள் இரவு திருத்தூதர் கையில் கவர்க்கோலுடன் பிரபுவின் கனவில் தோன்றி, அதனை அவர் தொண்டையில் வைத்து, வீடுகளை உடனே காலி செய்யாவிட்டால் கொடிய சாவு நேரும் என்று அச்சுறுத்தினாராம். விடிந்ததும் அரிசி அகற்றப்பட்டது.

அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வரலாற்று மாணவருக்கு இக்கதையின் பின்புலமே முக்கியம். 13ஆம் நூற்றாண்டின் மயிலாப்பூரில் வெளியூர்ப் பயணிகளுக்கெனத் தனி வீடுகள் பல இருந்தன. அவற்றைப் பராமரிப்பதற்குரிய ஏற்பாடும் இருந்தது. கோயில் காவலர்கள் தென்னந்தோப்பின் வருவாயில் வாழ்ந்தனர் என்றும், மரத்துக்கு இவ்வளவு என்று அரசனுக்கு வரி கட்டினர் என்றும் போலோ கூறுகிறார். செல்வாக்குள்ளவர் ஒருவர் நினைத்தால் அவ்விடங்களைத் தம் களஞ்சியமாக மாற்றிக்கொள்ள முடிந்தது என்பதும் தெரிகிறது. அக்காலத்து எளிய மக்களின் மனத்தில் பெரியாரின் கோபத்தைக் கிளறும் குற்றமாகத் தோன்றியது எது? பயணிகளின் படுக்கையிடத்தைப் பறித்தது. எல்லாச் சமயத்தவரும் ஏற்கும் நீதி இது.

ஓய்ந்திருந்தவர் கண்டவை

மொராக்கோவின் தாஞ்சியர் நகரத்தவரான இப்னு பதூதா 1344ஆம் ஆண்டை ஒட்டி இலங்கையிலிருந்து மஅபர் வந்தார். அவர் மயிலாப்பூரைப் பற்றி எழுதவில்லை. எனினும் ஓய்ந்திருக்கும் பயணியின் கண் எதனைக் காண்கிறது என்பதற்கு அவர் சிறந்த எடுத்துக்காட்டு. அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாமகானியும் அவரும் உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள். எனவே அரச விருந்தினராகவே அவர் நடத்தப்பட்டார்.

பத்தன் என்னும் துறைமுக நகரில் தங்கியிருந்தபோது அவர் கண்டவற்றுள் பெருந்தூண்கள் மீது கடலில் அமைந்த மர மண்டபமும், கல்லால் கட்டப்பட்ட அழகிய பள்ளிவாசலும், திராட்சையும் மாதுளையும் நினைவில் நின்றன. நீண்ட சடைமுடியுடன் திரிந்த ஷைகு முஹம்மது நைசாபூரி என்னும் துறவியையும், அவருடன் பழகித் திரிந்த சிங்கத்தையும் அவர் மறக்கவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தபோது தமக்கும் காய்ச்சல் கண்டதாகவும், புளியை நீரில் கரைத்துக் குடித்து மூன்று நாள்களில் நலம்பெற்றதாகவும் எழுதுகிறார். நம் சமையலறைப் புளி ஓர் உலகப் பயணியின் மருந்தான செய்தியை எந்தக் கல்வெட்டும் நமக்குத் தந்திருக்காது.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. தம்மை உபசரித்த உறவினரான சுல்தான் போரில் பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்டு இப்னு பதூதா அருவருப்படைந்தார். அச்செயலை இழிந்தது என்றும், இறைவன் அவருக்கு விரைவில் மரணத்தைத் தந்ததற்கு அதுவே காரணம் என்றும் அஞ்சாமல் எழுதினார். உண்ட வீட்டின் உப்பு அவர் எழுதுகோலைக் கட்டவில்லை. அரசவை வரலாற்றாசிரியர்களிடம் எதிர்பார்க்க இயலாத இவ்விடுதலை, நாளை வேறோர் ஊருக்குப் போகவிருக்கும் பயணியிடம் உண்டு.

அரச வமிசங்களின் வரிசை, தொலைவு, மக்கள்தொகை போன்றவற்றில் பயணிகள் அடிக்கடி தவறுகின்றனர். ஆனால் எங்கே படுத்தேன், என்ன தின்றேன், யார் விளக்கேற்றினார் என்பவற்றில் அவர்கள் நேர்ச் சாட்சிகள். அவ்விவரங்களில் பொய்யுரைப்பதால் அவர்களுக்கு ஆதாயம் எதுவுமில்லை.

ஆளொழிந்த ஊரில் ஒரு பக்கீர்

மீண்டும் மயிலாப்பூருக்கு வருவோம். 1320களில் இவ்வழி வந்த ஒதோரிக் என்னும் பிரான்சிஸ்கன் துறவி, கல்லறைக் கோயிலை அடுத்து நெஸ்தோரியக் கிறித்தவர்களின் வீடுகள் பதினைந்து இருந்தன என்கிறார். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த நிக்கோலோ கோந்தி ஊரின் பெயரை 'மல்பூரியா' என்று எழுதி, அங்கு ஆயிரம் நெஸ்தோரியர் வாழ்ந்ததாகக் கூறுகிறார். எண்ணிக்கைகள் முன்பின்னாக இருக்கலாம். கோயிலுக்குரிய சமயத்தவர் அதுவரை அதனருகே வாழ்ந்தனர் என்பது ஐயத்துக்கு இடமற்றது.

அடுத்த நூற்றாண்டில் காட்சி மாறிவிடுகிறது. துவார்த்தே பார்போசா கண்ணூரில் போர்ச்சுகீசியரின் கணக்கர் பணியில் இருந்தவர்; மலையாளம் கற்றவர். தாமே கண்டவற்றையும் கடலோடிகளிடம் கேட்டறிந்தவற்றையும் கலந்து 1516ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதி முடித்த நூலில் மயிலாப்பூர் ஆளொழிந்த ஊராகக் காட்சி தருகிறது. முன்னொரு காலத்தில் பெரிய நகரமாக இருந்தது, இப்போது விஜயநகர அரசரின் ஆட்சியில் ஏறக்குறைய பாழ்பட்டுக் கிடக்கிறது என்கிறார். வணிகம் அப்போது வடக்கேயுள்ள பழவேற்காட்டில் செழித்திருந்தது. முஸ்லிம், இந்து வணிகர்கள் நிறைந்த அத்துறையை அதே நூல் விரிவாகப் புகழ்கிறது.

கடலருகே திருத்தூதரின் சிறு கோயில் இடிபாடுற்று நின்றது. சுற்றிலும் புதர் மண்டியிருந்தது. சிலுவைகளும் மயில் உருவங்களும் அதில் இருந்தன. அதனைக் காத்து வந்தவர் ஓர் ஏழை முஸ்லிம். அவர் பிச்சை எடுத்தார். கிடைத்ததைக் கொண்டு இரவில் அங்கு ஒரு விளக்கு எரியச் செய்தார். எஞ்சியதில் உயிர் வாழ்ந்தார். இந்தியக் கிறித்தவர் சிலர் வந்து வணங்கிவிட்டுக் கல்லறை மண்ணைச் சிறு உருண்டைகளாக எடுத்துச் சென்றனர். பார்போசா தரும் செய்தி இவ்வளவே. அப்பக்கீரின் பெயரையோ, எவ்வூரிலிருந்து வந்தார் என்பதையோ அவர் சொல்லவில்லை.

இச்செய்தி பலரால் எடுத்தாளப்பட்டிருப்பினும் பெரும்பாலும் ஒரு விந்தையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. கிறித்தவரின் கல்லறைக்கு முஸ்லிம் விளக்கேற்றுவதா என்ற வியப்போடு அது முடிந்துவிடுகிறது. ஆனால் போலோவின் குறிப்பையும் பார்போசாவின் குறிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வியப்புக்கு இடமில்லை. ஏறத்தாழ 220 ஆண்டுகளுக்கு முன்பே அக்கல்லறை முஸ்லிம்களுக்கும் உரிய தலமாக இருந்தது. அங்கு அடங்கியிருந்தவரை அவர்கள் ஹவாரீ என்று அறிந்திருந்தனர். சூழ வாழ்ந்த கிறித்தவர்கள் ஊரின் வீழ்ச்சியோடு கலைந்து போனபின், மதிப்புக் குன்றாத மற்றொரு சாராரிடம் காவற்பொறுப்பு தங்கியது இயல்பே. ஒரு குறிப்பு நம்பிக்கையைச் சொல்கிறது. மற்றது அந்நம்பிக்கையின் செயலைக் காட்டுகிறது.

போலோவைப் படித்துவிட்டுப் பார்போசா எழுதியிருக்கலாமே என்ற ஐயம் எழலாம். போலோவின் நூல் போர்ச்சுகீசிய மொழியில் 1502ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் அச்சாகியிருந்தது உண்மை. ஆயினும் போலோவின் நூலில் காவலர்கள் கிறித்தவர்கள்; தோப்பும் வருவாயும் உடையவர்கள். பிச்சை எடுத்து விளக்கேற்றும் முஸ்லிமை அந்நூலிலிருந்து பெற்றிருக்க வழியில்லை. மேலும், முஸ்லிம்களோடு கடலிலும் கரையிலும் போரிட்டுக்கொண்டிருந்த ஒரு நாட்டின் அலுவலர் முஸ்லிம் ஒருவரின் பெருமைக்காக இதனைப் புனைந்திருக்கவும் காரணமில்லை.

பக்கீரை நாம் காவியத் தலைவராக்கிவிடவும் கூடாது. அவருக்கு அது பிழைப்பாகவும் இருந்தது. ஆயினும் கணக்கின் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் எண்ணெய், பின்புதான் உணவு. ஆளொழிந்த ஊரில் இரவில் எரியும் ஒரு விளக்கு வழிப்போக்கனுக்குச் சொல்லும் செய்தி, இங்கே மனிதர் உண்டு என்பதே.

ஒளியின் பெயர் பெற்ற இடம்

1517ஆம் ஆண்டு மலாக்காவிலிருந்து ஆர்மீனிய வணிகர்களோடு வந்த போர்ச்சுகீசியர் சிலர் பழவேற்காட்டில் இறங்கி, அவர்களின் வழிகாட்டுதலால் மயிலாப்பூர்க் கல்லறையை அடைந்தனர். 1523ஆம் ஆண்டு அங்குச் செப்பனிடும் பணியும் அகழும் பணியும் நடந்தன. சாந்தோம் என்னும் போர்ச்சுகீசியக் குடியிருப்பு வளர்ந்தது. 1606ஆம் ஆண்டு அது மறைமாவட்டத் தலைமையிடமாயிற்று. 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படையும், 1672இல் பிரெஞ்சுக்காரரும் அதனைக் கைப்பற்றினர். கல்லறைமீது இன்று நாம் காணும் பேராலயம் 1896ஆம் ஆண்டு திருநிலைப்படுத்தப்பட்டது. கட்டடம் ஓங்க ஓங்கப் பக்கீரின் நினைவு மங்கியது.

மயிலாப்பூரின் மற்றொரு பகுதியான லஸ், அங்குள்ள போர்ச்சுகீசியர் கால மாதா கோயிலால் பெயர் பெற்றது. அம்மொழியில் லஸ் என்றால் ஒளி. கடலில் திசை தவறிய மாலுமிகள் கரையில் தோன்றிய ஓர் ஒளியைப் பின்தொடர்ந்து வந்து இறங்கினர் என்றும், ஒளி மறைந்த இடத்தில் கோயில் எழுந்தது என்றும் மரபு கூறுகிறது. ஊர் மக்கள் அதனைக் காட்டுக் கோயில் என்றழைத்தனர். வழி தவறியோருக்குத் தோன்றிய ஒளி ஒரு வட்டாரத்தின் பெயராக நிலைத்துவிட்டது. அதே ஊரில், அதே காலத்தில், ஒரு மனிதர் தம் கையால் ஏற்றிய விளக்கோ பிறநாட்டவர் ஒருவரின் நூலில் இரண்டு வரியாக மட்டுமே எஞ்சியது. மயிலைப் பற்றிய மரபுகளும் இவ்வாறே. கற்பகாம்பாள் மயில் உருவில் வழிபட்ட தலம் என்று கபாலீசுவரர் கோயில் மரபு கூறும். மயில் வேட்டையாடியவனின் அம்பு தவறிப் பட்டுத் திருத்தூதர் இறந்தார் என்று போலோ கேட்ட கதை கூறும். ஊரின் பறவை ஒன்றே. அதனைச் சுற்றி எழுந்த நினைவுகள் பல.

பாலமும் படிகளும்

வழிப்போக்கரை நினைத்துச் செய்யப்பட்ட அறங்கள் பிற்காலத்திலும் தொடர்ந்தன. பாரசீக நாட்டு ஜுல்ஃபாவைச் சேர்ந்த ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் பரங்கிமலைக்குச் செல்லும் பயணிகளுக்காக 1726ஆம் ஆண்டு அடையாற்றின் மீது பாலம் கட்டினார்; மலைமீது ஏறப் படிகளும் அமைத்தார். பாலத்துக்கு மட்டும் 30,000 வராகன் செலவிட்டதாகக் கூறுவர். மாம்பலம் என்னும் ஊர்ப்பெயர் ஆங்கிலேயர் நாவில் திரிந்து அது 'மார்மலாங்' பாலம் எனப்பட்டது. அதன் நினைவுக் கல்லில் ஆர்மீனியம், இலத்தீன் ஆகியவற்றோடு பாரசீக மொழியும் இடம்பெற்றது. அப்பாலம் இருந்த இடத்தில் 1966ஆம் ஆண்டு மறைமலையடிகள் பாலம் எழுந்தது.

ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768ஆம் ஆண்டு சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பினார். திருவல்லிக்கேணியில் அவர் பெயரால் விளங்கும் பெரிய பள்ளிவாசல் 1795ஆம் ஆண்டினது. அதன் கட்டட ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதையை இயற்றியவர் ராஜா மக்கன்லால் என்னும் இந்து அறிஞர். ஹஜ்ஜுப் பயணிகள் தங்குவதற்கென மக்காவிலும் மதீனாவிலும் ரிபாத் எனப்படும் விடுதிகளை ஏற்படுத்திய அறமும் ஆற்காட்டு நவாபுகளுக்கு உண்டு. இரயில் வந்தபின் சென்ட்ரல் நிலையத்தின் எதிரே ராமசாமி முதலியார் சத்திரமும், அதன் அண்மையில் சித்தீக் சராயும் எழுந்தன. சத்திரம், சராய் எனச் சொற்கள் வேறாயினும் வாசலில் நின்றவன் ஒருவனே.

இவற்றுக்கெல்லாம் கல்வெட்டும் ஆவணமும் உண்டு. கட்டியவர் பெயர்களை நாம் அறிவோம். பொருள் கொடுத்தவரை வரலாறு எளிதில் நினைவில் கொள்கிறது. ஒவ்வொரு மாலையும் திரியைத் தூண்டிவிட்டவரை அது மறந்துவிடுகிறது.

யாருக்கு உரியது?

இன்று மயிலாப்பூருக்கு ஒருநாள் பயணமாக வருவோருக்குக் கோயில், குளம், பேராலயம், லஸ் மாதா கோயில் எனத் தனித்தனியே காட்டப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய சமூகத்தின் வரலாறு சொல்லப்படுகிறது. அவ்வரலாறுகள் பொய்யானவை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அப்பகுப்பில் பக்கீருக்கு இடமில்லை. கிறித்தவத் தல வரலாற்றில் அவர் இடைக்காலத்து இருளின் அடையாளமாகிறார்; முஸ்லிம்களின் வரலாற்றில், பள்ளிவாசலிலோ தர்காவிலோ இல்லாததால், கணக்கில் வருவதில்லை. மதிப்புக்குரிய ஓர் இடத்தை அதற்குரியவர் இல்லாத காலத்தில் அணையாமல் காத்து, பின் வந்தோரிடம் விட்டுச் சென்றவர் எவருடைய வரலாற்றுக்கு உரியவர்? இக்கேள்விக்கு இடமளிக்காத வரலாற்று எழுத்து குறையுடையது.

அடக்கவிடங்களை உரிமைப் பொருளாக்கி வழக்காடும் போக்கு நாடெங்கும் மிகுந்துவரும் இக்காலத்தில் இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக நிற்பதில்லை. ஓரிடம் முதலில் யாருடையது என்று தோண்டிப் பார்ப்பதற்கு இன்று பலர் முன்வருகின்றனர். அவ்விடம் எவர் கையில் எவ்வாறு பேணப்பட்டது என்று கேட்போர் சிலரே. மயிலாப்பூர்க் கல்லறை இரண்டாவது கேள்விக்கு விடை தருகிறது. அந்த விடையை நமக்குத் தந்தவை பயணிகளின் குறிப்புகள்; உரிமை கொண்டாடத் தேவையில்லாதவர்களின் சாட்சியம் அது.

வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ரமளான் மாத மாலைகளில் நோன்பு திறக்க வருவோருக்கு, மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையிலுள்ள சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறி வருகின்றனர். பிரிவினையில் தம் மண்ணை இழந்து வழிப்போக்கர்களாக இந்நகரம் வந்து சேர்ந்த மக்களின் வழியினர் அவர்கள். அங்கு நோன்பு திறப்போருள் வெளியூர்ப் பயணிகளும் பலர். அவர்களுள் எவரேனும் தம் பயணக் குறிப்பில் அந்த உணவைப் பற்றி இரண்டு வரி எழுதி வைப்பாராயின், ஐந்நூறு ஆண்டுகளுக்குப்பின் இந்நகரத்தைப் பற்றி எழுத முற்படும் ஒருவருக்கு அது பெரிதும் பயன்படும்.